கண்ணுக்கும் திரைக்கும் நடுவே இரண்டடி

கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் அளவு பேசாத வீடு குறைவு. 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், 1975இல் தொடங்கிய பிரிக்கால், இவற்றைச் சுற்றி வளர்ந்த பட்டறைகள் என்று மேட்டுப்பாளையம் சாலையின் இரண்டு பக்கமும் தொழில்தான். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்காருபவர், "இன்னிக்கு போர் ரெண்டு மைக்ரான் கூடிருச்சுங்க" என்று சொன்னால், பரிமாறுகிறவருக்கும் அது விளங்கும். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இங்கே பள்ளிப் பிள்ளைக்கே தெரிந்த சாமான்கள்.

ஆனால் வீட்டு மேசைக்கு ஒரு நல்ல கணினித் திரை வாங்கும்போது இந்தப் பழக்கம் எங்கோ போய்விடுகிறது. பெட்டியின் மேல் அச்சடித்த எண்களை அப்படியே நம்பிப் பணம் கட்டிவிடுகிறோம். 4கே என்கிறார்கள், 240 ஹெர்ட்ஸ் என்கிறார்கள், எச்டிஆர் என்கிறார்கள், 0.03 மில்லிசெகண்ட் என்கிறார்கள். சுமார் 30,000 ரூபாயில் தொடங்கும் விலை, லட்சத்தைத் தாண்டியும் போகிறது. பகலில் அப்பாவோ அண்ணனோ டிராயிங் போடவும், மாலையில் பிள்ளை பாடம் படிக்கவும், இரவில் விளையாடவும் ஒரே மேசை என்றாகிவிட்ட வீடுகளில் இது சின்னச் செலவல்ல. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயர்தர கேமிங் மானிட்டரில் ஒவ்வொரு மணி நேரமும் பயன் தருவது அதன் புள்ளி நெருக்கம் மட்டுமே. மற்ற எண்களெல்லாம் சில நேரம், சில அறையில், சில கணினியில் மட்டும் பலன் தருபவை. ஆகவே மேசை, சன்னல், சுவிட்ச், கணினி இந்த நான்கையும் பார்த்த பிறகுதான் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

இப்படி யோசிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரிக்கால் செய்வதே வண்டிகளின் மீட்டர்கள்தான். நாட்டில் ஓடும் எத்தனையோ பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் டிராக்டர்களிலும் ஓட்டுநர் கண்ணுக்கு எதிரே இருப்பது இங்கே தொடங்கிய அந்த நிறுவனத்தின் பொருள். முள் ஆடும் மீட்டராக இருந்தது இப்போது டிஎஃப்டி திரையாகிவிட்டது. வண்டி மீட்டர் வாங்கும் யாரும் அதில் எத்தனை லட்சம் புள்ளி என்று கேட்பதில்லை. உச்சி வெயிலில் தெரிகிறதா, ஒரு பார்வையில் வேகம் புரிகிறதா, மழையும் தூசியும் குலுக்கலும் தாங்குமா என்றுதான் கேட்பார்கள். எங்கே வைக்கிறோமோ அந்த இடம்தான் திரையின் தரத்தை முடிவு செய்கிறது. வீட்டு மேசைக்கும் இதே நியாயம்தான்.

புள்ளிக் கணக்கு

பெரும்பாலான வீடுகளில் இருக்கும் 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே என்றால் அகலத்தில் 3840, உயரத்தில் 2160; மொத்தம் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. நடுவே 2560க்கு 1440 என்று ஒரு வகை, 36,86,400 புள்ளிகள். எண் பெரிதானால் படம் தெளிவாகும் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி, ஒரு புள்ளி எத்தனை அகலம், கண் எத்தனை தூரம் என்பதில் இருக்கிறது.

24 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.277 மில்லிமீட்டர். 27 அங்குல 1440 திரையில் 0.233. 32 அங்குலம் என்று விற்கும் 4கே திரையில் சுமார் 0.18. 27 அங்குல 4கே திரையில் 0.156, அதாவது இரண்டு தலைமுடியை ஒட்டி வைத்த அகலம். பட்டறைக்காரர்களுக்கு இது தினமும் கையில் புழங்கும் அளவு.

இனி கண்ணின் கணக்கு. நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியக்கூடிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்பது கண் மருத்துவத்தின் பழைய அளவுகோல். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அந்தக் கோணம் 0.175 மில்லிமீட்டருக்குச் சமம். இதைவிடச் சிறிய புள்ளியைக் கண் தனியாகப் பிரித்துப் பார்க்காது. ஃபுல் எச்டி திரையின் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டுமானால் 95 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். 27 அங்குல 1440 திரைக்கு 80 சென்டிமீட்டர். 32 அங்குல 4கே திரைக்கு 62. 27 அங்குல 4கே திரைக்கு 54 போதும்.

நம் வீட்டுக் கணினி மேசைகளின் ஆழம் பெரும்பாலும் இரண்டடி. தச்சர் பிளைவுட்டில் அடித்துக் கொடுத்தாலும், கடையில் வாங்கினாலும் அளவு அதுதான். திரையின் கால் பின்னால் ஒரு சாணுக்குக் குறையாமல் இடம் எடுத்துக்கொள்ளும். முன்னால் விசைப்பலகை, அதற்கு இப்பால் நாம். கூட்டிக் கழித்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 55 முதல் 60 சென்டிமீட்டர்தான் தேறும். அந்தத் தூரத்தில் ஃபுல் எச்டியின் புள்ளிகள் தெரிகின்றன, கோடுகளின் ஓரம் பல் பல்லாக இருக்கிறது. 27 அங்குல 4கேயில் அது முற்றாக மறைந்துவிடுகிறது. 32 அங்குல 4கே விளிம்பில் நிற்கிறது. மேசை இரண்டரை அடி ஆழம் இருந்தாலோ, சுவரில் மாட்டினாலோ அதுவும் சரியாகிவிடும்.

இவ்வளவு நெருக்கமான புள்ளிகள் இப்போதுதான் வந்தன என்று நினைக்க வேண்டாம். 2001இலேயே ஐபிஎம் நிறுவனம் 22.2 அங்குலத்தில் 3840க்கு 2400 புள்ளிகள் கொண்ட திரையை விற்றது, அங்குலத்துக்கு 204 புள்ளிகள். ஆய்வுக்கூடங்களுக்கும் மருத்துவப் படம் பார்ப்பவர்களுக்கும் வாங்கக்கூடிய விலையில். அதில் விளையாட முடியாது. படம் மாறும் வேகம் அத்தனை குறைவு. அந்த நெருக்கத்தையும் விளையாட்டுக்கு வேண்டிய வேகத்தையும் ஒரே திரையில் சேர்க்க 2018 வரை ஆனது. அந்த ஆண்டு ஏசஸும் ஏசரும் 27 அங்குல 4கே 144 ஹெர்ட்ஸ் திரைகளைக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் 2000 டாலர் விலை. ஏசஸ் திரைக்குள் சூட்டைத் தணிக்க ஒரு விசிறியே ஓடியது. அதே அளவும் வேகமும் கொண்ட திரை இன்று நம் ஊரில் சுமார் 35,000 முதல் 50,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி ஒரு வார இதழில் எழுத முடிகிறது.

தமிழ் எழுத்துக்கு இது பெரிய லாபம்

கேமிங் மானிட்டரை மதிப்பிடுகிறவர்கள் துப்பாக்கிச் சண்டையையும் கார் பந்தயத்தையும் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். நான் முதலில் திறந்து பார்ப்பது தமிழ்ப் பக்கம் ஒன்றை. நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ன வேறுபாடு ஒரு சுழியில் இருக்கிறது. மெய்யெழுத்தின் அடையாளமே மேலே உள்ள ஒற்றைப் புள்ளி. சிறிய எழுத்தில் "ண்" என்பதைப் பழைய திரை காட்டும்போது மூன்று சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டி, புள்ளி சாம்பல் நிறக் கறையாகிவிடும். "ணை", "ளை", "ஞ்" எல்லாம் இதே கதிதான். அகலத்தில் அதே அளவுள்ள எழுத்து 27 அங்குல 4கே திரைக்கு வந்தால், ஃபுல் எச்டியில் கிடைத்ததைவிட மூன்று மடங்குக்கு மேல் புள்ளிகள் அதற்குக் கிடைக்கின்றன. சுழிகள் பிரிகின்றன. புள்ளி புள்ளியாக நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கு இது நல்ல வசதி. தமிழுக்கு இது தேவை.

இதைச் சோதித்துப் பார்க்க இந்த ஊருக்குப் பொருத்தமான நூல் ஒன்று இருக்கிறது. இங்கே உள்ள ராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930இல் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம்தான் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் தொடங்கினார். அந்தக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. முதன்மை ஆசிரியர் பெ. தூரன், வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். அந்தத் தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வடிவில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பழைய அச்சு, பொடி எழுத்து, இடையிடையே படம். ஃபுல் எச்டி திரையில் ஒரு முழுப் பக்கத்தை உயரத்துக்குப் பொருத்தினால் எழுத்து படிக்க வராது. பாதிப் பக்கமாகப் பெரிதாக்கி, உருட்டி உருட்டிப் படிக்க வேண்டும். 4கே திரையில் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் நிற்கும், படிக்கவும் முடியும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வருடிய ஏ4 தாளுக்கு உயரத்தில் 3508 புள்ளிகள் உண்டு. 1080 வரிசைகள் கொண்ட திரை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் காட்ட முடியும். 2160 வரிசை, அறுபது சதவீதத்துக்கு மேல் காட்டும். பாடப்புத்தகத்தை பிடிஎஃப் கோப்பில் படிக்கும் மாணவருக்கும், பத்திரம், வில்லங்கச் சான்று என்று வருடிய தாள்களோடு மல்லுக்கட்டும் பெரியவருக்கும் இந்த வேறுபாடு முதல் நாளே தெரியும்.

டிராயிங் போடுபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பம்புக்கும் வார்ப்புக்கும் பேட்டர்ன் வரையும்போது, மெல்லிய சாய்கோடு படிக்கட்டாக உடையாமல் கோடாகவே தெரிகிறது. அளவெண்களைப் பெரிதாக்காமல் படிக்க முடிகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். 4கேயில் எல்லாம் குட்டியாகத் தெரியும் என்பதால் விண்டோஸில் 150 சதவீதம் என்று பெரிதாக்கி வைப்பார்கள். புதிய மென்பொருள்கள் அதற்கு ஒத்துழைக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய வரைகலை மென்பொருளோ கணக்கு மென்பொருளோ வைத்திருந்தால், பொத்தான்கள் எறும்பளவாகும் அல்லது எழுத்து மங்கும். வாங்குவதற்கு முன்னால் அதே மென்பொருளை 4கே திரை ஒன்றில் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பூர் ஏற்றுமதிக்காக வீட்டிலிருந்து பிரிண்ட் டிசைன் செய்பவர்கள் இந்தப் பக்கம் உண்டு. கேமிங் மானிட்டர்கள் விரிந்த நிற வரம்பு கொண்டவை. அப்படியே விட்டால் சிவப்பும் பச்சையும் உள்ளதைவிடத் தூக்கலாகத் தெரியும். அமைப்பில் எஸ்ஆர்ஜிபி என்ற நிலை இருக்கிறதா, அந்த நிலையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க விடுகிறதா என்று பாருங்கள். எவ்வளவு நல்ல திரையும், துணியில் சாயமேற்றிப் பார்க்கும் லேப் டிப்புக்கு மாற்றாகாது என்பது சாயப்பட்டறைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சன்னலும் சுவிட்சும்

இப்போது விலையை இரட்டிப்பாக்கும் கேள்விக்கு வருவோம். ஐபிஎஸ் வாங்குவதா, ஓஎல்இடி வாங்குவதா?

ஐபிஎஸ் என்பது 1990களில் ஹிட்டாச்சி வளர்த்தெடுத்த நீர்மப்படிக வகை. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் உள்ள படிகங்கள் அதை மறைத்தும் திறந்தும் படம் காட்டும். முழுதாக மறைக்க முடியாததால் கறுப்பு என்பது அடர்ந்த சாம்பலாகத்தான் தெரியும். மிக வெளிச்சமான இடத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் வழக்கமாக ஆயிரத்துக்கு ஒன்று. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அணைந்தால் முழு இருட்டு. இரவில் விளக்கணைத்துவிட்டு ஒரு நல்ல விளையாட்டையோ படத்தையோ அதில் பார்த்தவர்கள் திரும்பி வருவது கடினம். புள்ளிகள் நிறம் மாறும் வேகமும் அபாரம், ஓடும் உருவத்தின் பின்னால் வால் இழுக்காது. 2024இல் பல நிறுவனங்கள் 32 அங்குல 4கே 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி திரைகளைக் கொண்டுவந்தன, 2025இல் 27 அங்குலத்திலும் வந்துவிட்டன. விலை லட்சத்தை ஒட்டி.

படத்தின் அழகு மட்டும் அளவுகோல் என்றால் ஓஎல்இடிக்கே முதல் இடம். அதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் நம் வீட்டு மேசை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் முன்னறையில், சன்னலோரம். மேற்கே குருடிமலைப் பக்கம் பார்த்த அறையென்றால் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழும். குவாண்டம் டாட் வகை ஓஎல்இடிகளில் வெளி ஒளியை விழுங்கும் படலம் இல்லை. அறையில் வெளிச்சம் ஏற ஏற, அந்த ஆழ்ந்த கறுப்பு ஊதா கலந்த சாம்பலாக வெளுக்கும். எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தோமோ அது பகல் முழுக்கக் காணாமல் போகிறது. திரை முழுக்க வெள்ளைப் பக்கம் திறந்தால் ஓஎல்இடி தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதும் பகல் வேலைக்குப் பாதகம்.

அடுத்தது, அசையாத படம் பதிந்துபோவது. எட்டு மணி நேரம் டிராயிங் மென்பொருளின் பட்டையும் கீழே விண்டோஸ் பட்டையும் ஒரே இடத்தில் நின்றால், அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். இதைச் சமாளிக்க, சில மணி நேரப் பயன்பாட்டுக்குப் பிறகு, திரை அணைந்திருக்கும் நேரத்தில் ஒரு புதுப்பிப்பு ஓடும். அது ஓடும்போது திரைக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். நம் வீடுகளில் வழக்கம் என்ன? படுக்கப் போகும்போது, "சுவிட்சையும் ஆஃப் பண்ணீரு கண்ணு" என்று அம்மா சொல்லுவார். நல்ல பழக்கம்தான். ஏப்ரல், மே மாதங்களில் மலையோரத்தில் இடி இறங்கும்போது பிளக்கையே பிடுங்கி வைப்பதும் நல்ல பழக்கம்தான். ஆனால் இரண்டுமே இந்தப் புதுப்பிப்பைத் தடுக்கின்றன. ஓஎல்இடி வாங்கும் வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்: முதலில் திரையின் பொத்தானில் அணைத்து, சில நிமிடம் விட்டு, புதுப்பிப்பு முடிந்ததும் சுவிட்சை அணைக்கலாம். படப் பதிவுக்கு உத்தரவாதம் உண்டா, எத்தனை ஆண்டு என்று பில் போடுமுன் எழுத்தில் கேளுங்கள். சில நிறுவனங்கள் மூன்று ஆண்டு தருகின்றன.

நடுவே மினி எல்இடி என்று ஒரு வகை உண்டு. பின்விளக்கை நூற்றுக்கணக்கான மண்டலங்களாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் அணைப்பார்கள். பகல் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசிவது அதன் குறை. மண்டலம் அதிகமாக அதிகமாகக் கசிவு குறையும்.

மின்சாரத்தைப் பற்றிய பயம் மிகையானது. இவ்வகைத் திரை ஒன்று 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு 0.4 யூனிட், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். பயப்பட வேண்டியது யுபிஎஸ்ஸைப் பற்றி. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 200 வாட் கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியோடு இந்தத் திரையையும் மாட்டி, விளையாட்டின் நடுவே கரண்ட் போனால், யுபிஎஸ் கைவிட்டுவிடும்.

வேகம் யாருக்கு

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும். 144இல் 6.9. 240இல் 4.2. முதல் தாவல் எல்லோருக்கும் தெரியும். சுட்டியை நகர்த்தினாலே புரியும், பக்கத்தை உருட்டும்போது எழுத்து கலையாமல் வரும். இரண்டாவது தாவல் பழகிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும்.

ஆனால் 4கேயில் 144 என்றால் கணினி வினாடிக்கு 119 கோடி புள்ளிகளை வரைய வேண்டும். ஃபுல் எச்டி 60இல் அது 12 கோடி. பத்து மடங்கு வேலை! கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு மூன்று நான்கு வருடம் பழையது என்றால் பெரிய விளையாட்டுகளில் அந்த வேகத்தை நெருங்கவே முடியாது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்ற வழிகளில் குறைந்த புள்ளியில் வரைந்து 4கேயாக நிரப்பிக் கொடுக்கிறார்கள், அவை இப்போது நன்றாகவே இருக்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. 4கே ஃபுல் எச்டியின் சரியான நான்கு மடங்கு என்பதால், ஒரு புள்ளியை நான்காகக் காட்டினால் கணக்கு மீதமின்றிப் பொருந்தும். 1440 படத்தை 4கேயில் காட்டினால் ஒன்றரை மடங்கு என்று இழுபறியாகி லேசாக மங்கும்.

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டுமே விளையாடுகிற பிள்ளைக்கு 4கே வேண்டாம். போட்டிகளில் ஆடுகிறவர்களே 24, 25 அங்குலத் திரையில் குறைந்த புள்ளியையும் அதிக வேகத்தையும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு இந்த விலையில் பாதிகூட ஆகாது. பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் வீட்டில் திரையில் எச்டிஎம்ஐ 2.1 வாய் இருக்க வேண்டும். அப்போதுதான் 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வரும். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 60தான். பழைய மடிக்கணினிகளிலும் இதே தடை. டிவியோடு வந்த பழைய கேபிளை எடுத்து மாட்டாதீர்கள். பெட்டிக்குள் வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை, அல்லது 48 ஜிகாபிட் தாங்கும் எச்டிஎம்ஐ கேபிளையே பயன்படுத்துங்கள்.

எச்டிஆர் முத்திரையை ஒரு வரியில் முடிக்கலாம். டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்று ஐபிஎஸ் திரையின் பெட்டியில் இருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஓஎல்இடியிலும் நல்ல மினி எல்இடியிலும்தான் எச்டிஆருக்கு அர்த்தம் உண்டு.

கடைக்குப் போகுமுன்

பழைய செய்தித்தாளை 60க்கு 34 சென்டிமீட்டரில் வெட்டுங்கள். அது 27 அங்குலத் திரை. இன்னொன்றை 70க்கு 39இல் வெட்டுங்கள், அது 32. இரண்டையும் மேசைக்குப் பின் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க அதன் எதிரே உட்கார்ந்து வேலை பாருங்கள். மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போனால் கழுத்து வலிக்கும். ஏற்றி இறக்க முடியாத காலுடன் வரும் திரையைத் தள்ளிவிடுங்கள். திரையைத் தாங்க மேசை விளிம்பைக் கவ்வும் கை மாட்டப் போகிறீர்கள் என்றால், பார்ட்டிகிள் போர்டு மேசைக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு வைக்காவிட்டால் பலகை நொறுங்கும். கண்ணாடி மேசையில் மாட்டவே கூடாது.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு முன்பு 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. 32 வரை உள்ளவற்றுக்கு 2019 தொடக்கத்திலிருந்தே 18தான். ஆகவே "வரி குறைஞ்சிருக்குங்க" என்று 27 அங்குலத்துக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். பின்பக்க ஒட்டியில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்ததை மலிவாகத் தருகிறார்கள் என்றால் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை முதலில் கேளுங்கள்.

கோவை காந்திபுரம் பக்கத்துக் கடைகளில் இயக்கிக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், உங்கள் டிராயிங் ஒன்றையும் தமிழ் பிடிஎஃப் ஒன்றையும் திறந்து பாருங்கள். முழுத் திரையும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று மாற்றி, செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்கு மாற்றித் தர மாட்டோம் என்று பல நிறுவனங்களின் விதியிலேயே இருக்கிறது. வாங்கிய பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. இணையத்தில் வாங்கினால் பெட்டி பிரிப்பதைச் செல்பேசியில் படமெடுத்து, திருப்பித் தரும் கெடுவுக்குள் இதே சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

பகலில் வேலை, மாலையில் படிப்பு, இரவில் விளையாட்டு என்று இரண்டடி மேசையும் சன்னல் வெளிச்சமும் உள்ள வீட்டுக்கு என் தேர்வு: 27 அங்குலம், 4கே, 144 அல்லது 160 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ், எச்டிஎம்ஐ 2.1, ஏறி இறங்கும் கால், மூன்று ஆண்டு உத்தரவாதம். இருட்டாக்க முடிகிற தனி அறையும், விளையாட்டும் படமும் மட்டுமே பார்க்கும் பழக்கமும், வலுவான கணினியும் இருந்தால் ஓஎல்இடி வாங்குங்கள், வருந்த மாட்டீர்கள். கணினி பழையது, கையில் 25,000தான் என்றால் 27 அங்குல 1440 திரை நல்ல பொருள். கடன் வாங்கி 4கேக்குப் போக வேண்டாம்.

வாங்கி மாட்டியதும் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய், அது 60 ஹெர்ட்ஸ் என்று காட்டினால் 144 என்று மாற்றிவிடுங்கள். மாற்றாமலே வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.